6,500 ரூபாய் கேப்சூலும் ராத்திரி பதினொன்றரை மணி போன் கோலும்

கேள்வி: வணக்கம் மிஸ். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். வயது 37. கணவர் கத்தாரில் டிரைவர். இரண்டு பிள்ளைகள், மூத்தவள் இந்த வருடம் ஓ.எல். எழுதுகிறாள். மாமியாரும் எங்களோடுதான். நாலைந்து மாதமாக ராத்திரியில் தூக்கம் இல்லை. படுத்தால் கால் இரண்டிலும் உள்ளுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது, உதறினால்தான் ஆறுதல். எந்நேரமும் அசதி. செவ்வாய்க்கிழமை குழு லோன் கட்டும் நாள், திங்கள் ராத்திரி வயிறு கலக்கி இரண்டு மூன்று தரம் வெளியே போக வேண்டி வருகிறது. வெள்ளவத்தையில் வேலை செய்யும் சின்னம்மா மகள், வயிற்றில் நல்ல கிருமி குறைந்தால்தான் இப்படி வரும், புரோபயோட்டிக் கேப்சூல் குடித்தால் தூக்கமும் வரும், மனமும் அமைதியாகும் என்கிறாள். ஒரு போத்தல் 6,500 ரூபாய். வாங்கலாமா? இல்லாவிட்டால் யோகட், தயிர், பழஞ்சோறு சாப்பிட்டால் போதுமா? ராத்திரியில் தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்று மாமியார் விடுவதில்லை. அவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, அவரும் தயிர் சாப்பிடலாமா? நான் ஒரு நாளைக்கு ஐந்தாறு தேத்தண்ணி குடிப்பேன், கடைசி ஒன்றை ஒன்பதரைக்குக் குடித்துவிட்டுத் தைக்க உட்காருவேன். கணவர் ராத்திரி பதினொன்றரைக்கு போன் கோல் எடுப்பார். காலையில் நாலரைக்கு எழும்புவேன்.

பதில்: தங்கச்சி, அந்தக் கேப்சூலை இப்போதைக்கு வாங்க வேண்டாம். 6,500 ரூபாய் என்றால் உங்களுக்கு நாலைந்து நாள் பேர்க் காசு, அதாவது நாட்சம்பளம். அதில் ஒரு பங்கை எங்கே போட்டால் தூக்கத்துக்கு உண்மையாகவே பிரயோசனம் இருக்கும் என்று கொஞ்சம் பிறகு சொல்கிறேன். தயிர் சாப்பிடுங்கள், தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் வரும் வரும் என்று காத்திருக்காதீர்கள், ஏனென்றால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பவை வேறு மூன்று நாலு விஷயங்கள், அவற்றில் ஒன்றுகூட வயிற்றுக் கிருமி இல்லை.

முதலில் மணிக்கூட்டைப் பார்ப்போம். உங்கள் கணவர் பதினொன்றரைக்கு கோல் எடுக்கும்போது கத்தாரில் ஒன்பது மணி. டியூட்டி முடிந்து, குளித்து, சாப்பிட்டு, ஆறுதலாக உட்காரும் நேரம், அவரைக் குறை சொல்ல முடியாது. பேசி முடித்துவிட்டு நீங்கள் படுக்கும்போது எப்படியும் பன்னிரண்டு, பன்னிரண்டரை ஆகியிருக்கும். நாலரைக்கு எழும்புகிறீர்கள். படுத்த உடனே கண் மூடினாலும் கிடைப்பது நாலு மணித்தியாலம். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணித்தியாலமாவது வேண்டும், அதுவும் காலையிலிருந்து மலை ஏறி இறங்கிக் கொழுந்து நிறுக்கிற உடம்புக்கு. தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், சரி, ஆனால் தூங்குவதற்கு நேரமே இல்லை என்பதுதான் அதற்கு முன்னால் எழுத வேண்டியது. எந்த நாட்டு லேப்பில் வளர்த்த கிருமியும் நாலு மணித்தியாலத்தை ஏழாக்கித் தராது.

அதனால் முதல் வேலை அவரோடு பேசுவது. கத்தார் நேரம் ஐந்து மணி என்றால் இங்கே ஏழரை. ஐந்து மணிக்கு அவர் வண்டியில் இருப்பார் என்றால் பகல் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம், அல்லது வொய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டு, லீவு நாளான வெள்ளிக்கிழமை நீளமாகப் பேசலாம். வாரத்தில் நாலு நாள் நீங்கள் பத்து மணிக்குப் படுத்துவிட்டாலே ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். பேசாமல் இருந்தால் மனது கேட்காது என்று தெரியும், நான் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை, நேரத்தை மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இனி கிருமி விஷயம். சின்னம்மா மகள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. குடலும் மூளையும் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்வது உண்மை. மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி இருதயம், வயிறு, குடல் என்று கிளை பிரிகிற வேகஸ் நரம்பு அதில் ஒரு பாதை. குடலில் இருக்கிற கிருமிகள் நாம் சாப்பிடும் நார்ச்சத்தைத் தின்று வெளியே விடுகிற சில அமிலங்கள் இன்னொரு பாதை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி மூன்றாவது. குடலில் ஒரு கிருமியும் இல்லாமல் வளர்த்த எலிகளை அடைத்துவைத்துப் பயமுறுத்தினால், சாதாரண எலிகளைவிட அவற்றின் உடம்பில் பதற்ற ஹோர்மோன் அதிகமாகச் சுரக்கிறது என்று ஜப்பானில் 2004இல் கண்டார்கள். அங்கிருந்துதான் இந்தப் பேச்சு வேகம் பிடித்தது.

ஆனால் தகவல் இரண்டு பக்கமும் போகும் என்பதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். உங்கள் திங்கட்கிழமை ராத்திரியையே எடுத்துக்கொள்ளுங்கள். விடிந்தால் லோன்காரர் வருவார், சேர்த்த காசு காணாது என்று தலைக்குத் தெரிகிறது, உடனே குடல் வேகமாக அசைகிறது, நீங்கள் வெளியே ஓடுகிறீர்கள். நல்ல கிருமி திங்கட்கிழமை மட்டும் குறைந்துபோகுமா என்ன? இங்கே தகவல் மேலிருந்து கீழே போகிறது.

போனில் சுற்றுகிற வீடியோக்களில் இன்னொன்றும் சொல்வார்கள்: மகிழ்ச்சி தரும் செரடோனின் 90 வீதம் குடலில்தான் உண்டாகிறது, அதனால் குடலைச் சரி செய்தால் மனமும் சரியாகும் என்று. முதல் பாதி சரி, ஏறக்குறைய 90 வீதம் அங்கேதான் உண்டாகிறது. ஆனால் அந்தச் செரடோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது, மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. குடலில் இருப்பதற்குப் பெரும்பாலும் குடலை அசைக்கிற வேலைதான். இந்த இரண்டாவது பாதியைச் சொன்னால் வீடியோ ஓடாது.

எலியில் நடந்தது மனிதரில் நடக்குமா என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஜேபி-1 என்கிற ஒரு வகை லக்டோபசிலஸ் கிருமியை எலிக்குக் கொடுத்தார்கள், பதற்றம் குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டிவிட்டுக் கொடுத்தார்கள், குறையவில்லை. 2011இல் இது வெளிவந்தபோது பெரிய பரபரப்பு, எனக்கும் வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு அயர்லாந்தின் கோர்க் நகரத்தில் 29 ஆரோக்கியமான ஆண்களுக்கு அதே கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள், 2017இல் முடிவு வந்தது: வெறும் மாத்திரையைவிட ஒன்றும் அதிகமில்லை. முதல் செய்தி ஊரெல்லாம் போனது, இரண்டாவது செய்தியை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

நல்ல முடிவு வந்த ஆய்வுகளும் உண்டு, அவற்றை மறைக்கக்கூடாது. மூத்தவள் ஓ.எல். எழுதுகிறாள் என்பதால் இது உங்களுக்குப் பிடிக்கும். ஜப்பானில் பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த 94 மருத்துவ மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஷிரோட்டா என்கிற கிருமி சேர்த்துப் புளிக்க வைத்த பாலும் மற்றப் பகுதிக்கு அதே ருசியில் கிருமியில்லாத பாலும் பரீட்சைக்கு எட்டு வாரம் முன்னாலிருந்தே தினமும் கொடுத்தார்கள். பரீட்சை நெருங்க நெருங்கச் சாதாப் பால் குடித்தவர்களின் ஆழ்ந்த தூக்கம் குறைந்தது, மற்றவர்களுக்குக் குறையாமல் நின்றது. யாகுல்ட் என்று விற்கிறார்களே, அந்தக் கிருமிதான். ஆய்வில் அந்தக் கம்பனியின் விஞ்ஞானிகளும் இருந்தார்கள் என்பதைச் சேர்த்தே வாசிக்க வேண்டும். அதற்காக முடிவு பொய் என்று ஆகிவிடாது, ஆனால் இளவயது, நல்ல சாப்பாடு, ஒரு பரீட்சை முடிந்தால் முடிந்துபோகிற கவலை, இப்படிப்பட்டவர்களிடம் கிடைத்த சின்ன வித்தியாசம் அது. பரீட்சை முடிந்தால் உங்கள் லோன் முடியுமா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே ஜப்பானில் வேறொரு கிருமியைச் சூடாக்கிச் சாகடித்துவிட்டு, செத்த கிருமியையே மாணவர்களுக்குக் கொடுத்தார்கள், அதிலும் தூக்கம் கொஞ்சம் மேம்பட்டதாகச் சொன்னார்கள். அதாவது உயிரோடு இருந்தால்தான் வேலை செய்யும் என்பதுகூட எல்லா இடத்திலும் உறுதியில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: ஒவ்வொரு கிருமிக்கும் வேலை வேறு. ஒரே இனத்தில் ஒன்று உதவும், பக்கத்து நம்பர்க்காரன் ஒன்றும் செய்யமாட்டான். எனவே யாராவது கேப்சூல் நீட்டினால் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். கிருமியின் முழுப்பெயரும் அதற்குப் பின்னால் வருகிற எழுத்தும் நம்பரும் இருக்கிறதா, காலாவதித் திகதி வரைக்கும் எத்தனை உயிரோடு இருக்கும் என்று போட்டிருக்கிறதா, பிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருக்கிறதா என்று. வெறுமனே "பல பில்லியன் நல்ல கிருமிகள்" என்று மட்டும் இருந்தால், கொழும்பு வெயிலிலிருந்து பஸ்ஸில் ஹட்டன் வந்து சேரும்போது உள்ளே என்ன மிச்சம் என்று யாருக்கும் தெரியாது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

அதே கோர்க் ஊர்க்காரர்கள் 2022இல் கேப்சூலை விட்டுவிட்டுச் சாப்பாட்டை மாற்றிப் பார்த்தார்கள். 45 பேர், நாலு வாரம். ஒரு பகுதியினர் தினமும் இரண்டு மூன்று தரம் புளித்த உணவு, நிறைய மரக்கறியும் பழமும், முழுத் தானியம், வாரத்தில் மூன்று நாலு தரம் பருப்பு கடலை வகை சாப்பிட்டார்கள். அவர்கள் சொன்ன மன அழுத்தம் 32 வீதம் குறைந்தது. பொதுவான உணவு ஆலோசனை மட்டும் கிடைத்த மற்றப் பகுதிக்கும் 17 வீதம் குறைந்தது. யாரோ அக்கறையாக விசாரித்தாலே மனம் கொஞ்சம் இறங்கும் போலிருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் கணக்கில் உறுதியாக நிற்கவில்லை, ஆனால் சாப்பாட்டைச் சரியாகக் கடைப்பிடித்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது என்று கண்டார்கள். சின்ன ஆய்வுதான். இருந்தாலும் கேப்சூல் கதைகளைவிட இதை நான் நம்புவேன், ஏனென்றால் இதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை, தூக்கத்துக்கு உதவாவிட்டாலும் மலச்சிக்கலுக்கும் சீனிக்கும் உதவும்.

தயிரில் இருக்கிற கிருமிகள் குடலில் குடியேறிவிடும் என்று நினைக்காதீர்கள். தோட்டத்துத் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து வருகிற சொந்தக்காரர் மாதிரி சில நாள் இருந்து கலகலப்பாக்கிவிட்டுக் கிளம்பிவிடும், அதனால்தான் ஒரேயடியாக ஒரு சட்டி சாப்பிடுவதைவிடத் தினமும் கொஞ்சம் சாப்பிடுவது மேல். நிரந்தரமாக அங்கே இருப்பவை வேறு, அவற்றுக்குச் சாப்பாடு நார்ச்சத்து. அங்கேதான் நம் மலையகச் சாப்பாட்டில் ஓட்டை. காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் அதே ரொட்டி, ராத்திரி வெள்ளைச் சோறும் ஒரு கறியும். வயிறு நிறையும், கிருமிக்கு ஒன்றும் கிடைக்காது. ரொட்டியில் மூன்றில் ஒரு பங்கு குரக்கன் மா போடுங்கள், கொஞ்சம் தேங்காய்ப்பூ சேர்த்தால் பிள்ளைகள் முகம் சுளிக்க மாட்டார்கள். பருப்பைத் தண்ணியாக வைக்காமல் கெட்டியாக வையுங்கள். கடலை வாரத்தில் இரண்டு நாள். வெங்காயம், பூண்டு, லீக்ஸ் இந்த மூன்றிலும் குடல் கிருமிக்குப் பிடித்த இனுலின் என்கிற நார் இருக்கிறது, லீக்ஸ் நம் வாசலில் விளைகிறது, வெளிநாட்டுக்காரர் இதையே பொடியாக்கி டப்பாவில் விற்கிறார்கள். கோவா, போஞ்சி, கீரை, ஈரப்பலாக்காய், எது அந்த வாரம் மலிவோ அது. ஆனால் ஒரு விஷயம், திடீரென்று எல்லாவற்றையும் கூட்டினால் வயிறு ஊதும், இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

தயிர் எங்கே வாங்குவது? டவுனில் சட்டியில் வருகிற எருமைத் தயிர் நல்லதுதான், ஆனால் மட்டக்களப்புப் பக்கமிருந்தோ தெற்கிலிருந்தோ ஏறி வருகிற செலவும் அந்த விலையில் இருக்கிறது. கப் யோகட்டிலும் உயிருள்ள கிருமி இருக்கும், பிரிட்ஜில் வைக்கச் சொல்லி விற்பதைப் பார்த்து வாங்குங்கள், வெளியிலேயே மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிற பெட்டிப் பானங்களைச் சூடாக்கித்தான் அடைக்கிறார்கள். கப்பில் சீனி கூட என்பது ஒரு குறை. வீட்டிலேயே உறைய வைத்தால் எல்லாவற்றையும்விட மலிவு. நம் ஊர்க் குளிரில் தயிர் உறையாது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். தயிர்க் கிருமிக்கு 40, 45 பாகை சூடு வேண்டும், நம் குசினி ராத்திரியில் 15க்கு வந்துவிடும், பிறகு எப்படி உறையும்? பாலை நன்றாகக் காய்ச்சி, விரலை வைத்தால் சுடாமல் வெதுவெதுப்பாக இருக்கும் வரைக்கும் ஆறவிட்டு, ஒரு கரண்டி பழைய தயிரோ சீனி போடாத யோகட்டோ கலந்து, சுடுதண்ணீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிய பெரிய வாய் பிளாஸ்கில் ஊற்றி மூடிவிடுங்கள். பிளாஸ்க் இல்லையென்றால் மூடியுள்ள பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, விறகடுப்புத் தணல் இருக்கிற பக்கத்தில் வைக்கலாம், அடுப்புக்கு மேலே அல்ல, பக்கத்தில். எட்டிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலம் ஆகும். பக்கத்து லயத்தில் மாடு வைத்திருப்பவரிடம் வாங்கிய பாலில் அருமையாக வரும், பால்மாவைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்தாலும் வரும்.

தோசை, இட்லி, அப்பம் எல்லாம் புளித்த மாவுதான், ஆனால் கல்லில் ஊற்றியதும் கிருமி செத்துவிடும். அதனால் வீண் என்று நினைக்க வேண்டாம், புளிக்கும்போது மாவில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர்வது லேசாகிறது, உங்களுக்கு அது முக்கியம், ஏன் என்று கீழே வருகிறது. வினாகிரி ஊற்றிய அச்சாறு இந்தக் கணக்கிலேயே வராது.

பழஞ்சோறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல சாப்பாடுதான், ராத்திரி ஊறிய சோற்றில் தயிர்க் கிருமிக்குச் சொந்தமான வகைகள் வளர்கின்றன, தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்தால் எனக்கும் வேறொன்றும் வேண்டாம். மன அழுத்தத்தைக் குணமாக்கும் என்று சொல்வதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: சமைத்த சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்கிற கெட்ட கிருமியும் வளரும், அதன் வித்து கொதியிலும் சாகாது. எனவே பகல் முழுக்க வெளியில் கிடந்த சோற்றை ராத்திரி ஊற வைக்காதீர்கள். ராத்திரி வடித்த சோறு, கொதித்தாறிய தண்ணீர், மூடிய சட்டி, காலையிலேயே சாப்பிட்டு முடிப்பது. இலேசான புளிப்பு வாசம் சரி, நூல் பிடித்தாலோ வேறு வாசம் வந்தாலோ கொட்டிவிடுங்கள். சின்னக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொடுக்க வேண்டாம்.

ராத்திரித் தயிரில் சளி பிடிக்கும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. சளி வருவது வைரஸால். ஆனாலும் மாமியாரோடு இதற்காகச் சண்டை போடாதீர்கள், தயிரைப் பகலில் சாப்பிட்டாலும் அதே பலன்தான், ராத்திரி சாப்பிட்டால் கூடுதலாகத் தூக்கம் வரும் என்று ஒன்றும் இல்லை. ஒன்பது மணிக்கு மேல் எதையாவது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சல்தான் வரும்.

இப்போது தேத்தண்ணி. நாம் பறித்து உலகத்துக்கு அனுப்புவது, அதைக் குறை சொல்ல எனக்கும் வாய் வராது, என்றாலும் ஒன்பதரைக்குக் குடிக்கிற அந்தக் கடைசித் தேத்தண்ணியை நிறுத்தத்தான் வேண்டும். அதிலுள்ள கஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். ஒன்பதரைக்குக் குடித்தது அதிகாலை இரண்டரைக்கும் பாதி உள்ளே இருக்கும், அதுவும் நாம் போடுகிற டஸ்ட் தூள் சாயத்துக்குக் கேட்கவே வேண்டாம். கடைசித் தேத்தண்ணி மூன்று மணிக்கு. ஐந்தாறை ஒரே நாளில் நிறுத்தினால் தலையிடி வரும், இரண்டு நாளைக்கு ஒன்றாகக் குறைத்து மூன்றில் நில்லுங்கள். தைக்கும்போது கையில் ஏதாவது சூடாக இருக்க வேண்டும் என்றால் கொத்தமல்லித் தண்ணி இருக்கிறதே.

தேத்தண்ணிக்கு இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு, உங்கள் விஷயத்தில் எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. சாப்பாட்டோடு குடித்தால் பருப்பு, கீரை, ரொட்டியில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைப் பாதிக்கு மேல் தடுத்துவிடும். நீங்கள் எழுதிய அந்தக் கால் ஊர்தல், படுத்தால் வருவது, உதறினால் குறைவது, கூடவே எந்நேரமும் அசதி, இதை வாசித்ததும் எனக்கு முதலில் வந்த சந்தேகம் இரும்புச்சத்துக் குறைவு. உடம்பில் இரும்பு குறைந்தவர்களுக்கு இப்படி ராத்திரியில் கால் அமைதியில்லாமல் போவது நன்றாகத் தெரிந்த விஷயம், கொழுந்து எடுக்கிற பெண்களிடம் இரத்தச்சோகை எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். தயிர் இதைச் சரிசெய்யாது.

எனவே 6,500இல் ஒரு பங்கு இங்கே. தோட்ட ஆஸ்பத்திரியிலோ டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ வைத்தியரிடம் கால் விஷயத்தை இப்படியே சொல்லி, இரத்தத்தில் எஃப்.பி.சி. என்கிற முழு இரத்தக் கணக்கும் ஃபெரிட்டினும் பார்க்கக் கேளுங்கள். முதலாவதை அரசாங்க ஆஸ்பத்திரியில் சும்மாவே பார்ப்பார்கள். ஃபெரிட்டின் அங்கே பார்க்க முடியாவிட்டால் வெளி லேப்பில் காசு கொடுத்தாவது செய்யுங்கள், ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும்போதே சேமிப்பு இரும்பு வற்றியிருக்கலாம், அதை இந்தச் சோதனைதான் காட்டும். மாதவிடாய் அதிகமாகப் போகிறதா, வயிற்றுப் பூச்சிக்குக் கடைசியாக எப்போது மருந்து குடித்தீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கிக் குடிக்க வேண்டாம், நம் நாட்டில் தலசீமியா உள்ளவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது கெடுதல். வைத்தியர் எழுதித் தந்தால் தேத்தண்ணியோடும் தயிரோடும் சேர்த்து விழுங்காமல் தண்ணீரோடு குடியுங்கள், ஒரு தோடம்பழமோ தேசிக்காய்த் தண்ணியோ கூட இருந்தால் நல்லது. தூக்கத்துக்கென்று சளி மாத்திரை, அதாவது குளோர்பெனிரமின் வகை, போடுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. நீங்களும் போட்டால் நிறுத்துங்கள், அது கால் ஊர்தலைக் கூட்டும்.

லோன் விஷயம். இதைத் தயிரும் கட்டாது, நானும் கட்ட முடியாது. ஆனால் திங்கட்கிழமை ராத்திரி தலையணையில் வைத்துக் கணக்குப் பார்ப்பதை மட்டும் நிறுத்தலாம். ஞாயிறு பகலில், வெளிச்சத்தில், கொப்பியில் எழுதுங்கள்: எவ்வளவு கையில், எவ்வளவு குறைவு, யாரிடம் கேட்பது. அந்தத் தொகை உங்கள் கணவருக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அதனால் கேட்கிறேன். தெரியாது என்றால் தூக்கத்துக்கு அதுவும் ஒரு பாரம். வயிறு திங்கள் மட்டும் கலக்கினால் பயமில்லை, மற்ற நாளிலும் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், உடம்பு மெலிந்தால் உடனே காட்ட வேண்டும். மனது தாங்க முடியாத அளவுக்குப் போனால், அல்லது வாழ்ந்து என்ன என்ற நினைப்பு ஒரு தரம் வந்தாலும், 1926க்கு கோல் எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் நம்பர்.

கோல் நேரம், தேத்தண்ணி, இரும்பு மூன்றையும் சரி செய்து, படுக்க நேரம் கிடைத்த பிறகும் வாரத்தில் மூன்று ராத்திரி, மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் வராமல் கிடந்தால், அதற்குப் பெயர் வேறு, சிகிச்சையும் வேறு. அதற்கும் முதல் மருந்து மாத்திரை கிடையாது, படுக்கைப் பழக்கத்தையும் தூக்கத்தைப் பற்றிய பயத்தையும் மாற்றுகிற பேச்சுச் சிகிச்சைதான். அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016லேயே அப்படித்தான் வழிகாட்டியது. மனநல கிளினிக் எந்த நாள் என்று ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள், அங்கே போனால் பைத்தியம் என்று பேசுவார்களே என்று தயங்காதீர்கள், நாலு பேர் பேசுவது நாலு நாளைக்கு.

மூத்தவளுக்குத் தயிர் கொடுங்கள், பரீட்சைக்கு என்று தனியாக எதுவும் வாங்கித் தர வேண்டாம், அவளும் உங்களோடு பத்து மணிக்கு விளக்கை அணைத்தால் போதும். மாமியாரும் தயிர் சாப்பிடலாம், பகல் சோற்றைக் கொஞ்சம் குறைத்து அரைக் கப் தயிர், பாணி ஊற்றாமல். கித்துல் பாணி இயற்கையானது, சீனி ஏறாது என்று அவர் சொல்வார், எல்லா மாமியாரும் சொல்வார்கள், அதுவும் சீனிதான். சிறுநீரகத்தில் பிரச்சினை என்று எப்போதாவது சொல்லியிருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து குடித்தாலோ, தினமும் தயிர் தொடங்குவதற்கு முன்னால் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் வைத்தியரிடம் ஒரு தரம் கேட்டுவிடுங்கள்.